வெள்ளமும் காப்புறுதித் தாளும்

மரத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஜெலுத்தோங் வட்டாரத்தின் அருகே பினாங்கு ஆறு ஓடிக் கடலிற் கலக்கின்றது. மலையிலிருந்து இறங்கும் நீரும் ஏறிவரும் கடல்நீரும் எதிர்கொள்ளும் தாழ்நிலமாதலின், அங்கு வெள்ளம் புதியதன்று. ஆயினும் 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களிற் பெய்த புயல்மழை மாநிலத்தையே உலுக்கியது. எழுவர் உயிரிழந்தனர், வீடுகளும் ஊர்திகளும் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் பலர் எழுப்பிய வினா ஒன்றே: ஆண்டுதோறும் செலுத்திய காப்புறுதிப் பணம் இப்போது கைகொடுக்குமா?

இதற்கு விடையைச் சட்ட வரலாற்றிலேயே தேட வேண்டும். 1930இல் பிரிட்டன் ஊர்திக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. மலாயாவின் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், பின்வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நெறியையே பின்பற்றின. சாலையில் அடிபட்டோர்க்கும் உயிரிழந்தோர் குடும்பத்தார்க்கும் ஈடு கிடைக்கச் செய்வதே இவற்றின் நோக்கம். ஊர்தி உரிமையாளரின் சொந்த இழப்பு இக்கட்டாயத்துள் அடங்காது.

அவ்விழப்புக்கென அமைந்ததே முழுமைக் காப்புறுதி. விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றை அது ஏற்கும். ஆயின், ‘முழுமை’ என்னும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. வெள்ளமும் நிலச்சரிவும் பொதுவாக அதற்குப் புறம்பானவை. சிறப்பு இடர்க் காப்பைக் கூடுதற் கட்டணம் செலுத்திச் சேர்த்தாலன்றி அவற்றுக்கு ஈடில்லை.

ஏன் இவ்வாறு பிரித்தனர்? பலர் செலுத்தும் சிறுதொகையால் சிலரின் பேரிழப்பை ஈடுசெய்வதே காப்புறுதியின் அடிப்படை. திருட்டு ஒருவரைத் தாக்கும். வெள்ளமோ ஊரையே ஒருசேரத் தாக்கும். ஆகவே அவ்விடருக்குத் தனிவிலை வைத்தனர். நெடுங்காலம் அது காப்புத்தொகையில் 0.5 விழுக்காடாக இருந்தது. 30,000 ரிங்கிட் மதிப்புள்ள ஊர்திக்கு 150 ரிங்கிட் என்பது அதன் கணக்கு. இன்று கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம்.

வீட்டுக்கும் இதே நிலைதான். அடிப்படைத் தீக்காப்புறுதி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றையே ஏற்கும். வெள்ளத்துக்குக் காப்பை விரிவாக்க வேண்டும். வீட்டினுள் உள்ள பொருள்களுக்குத் தனிக்காப்பும் தேவை.

எது சேர்க்கப்பட்டது என்பதைவிட எது விலக்கப்பட்டது என்பதை முதலிற் படித்தறிதல் நன்று. ஆற்றோரத்தில் வாழும் எளிய குடும்பத்துக்கு ஊர்தியே பிழைப்பாக இருக்கலாம். அதன் இழப்பு பல்லாண்டு உழைப்பின் இழப்பு. வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்ன நம் முன்னோரின் அறிவுரை, காப்புறுதித் தாளைப் புதுப்பிக்கும் நாளுக்கும் பொருந்தும்.