லயமும் வைத்தியசாலையும்

காஞ்சிபுரத்திற்கு அணித்தே, பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரிலே சோழப் பேரரசன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று இன்றும் காணப்படுகிறது. கி.பி. 11ஆம் நூற்றாண்டிற்குரிய அக்கல்வெட்டு ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையைப் பற்றிக் கூறுகிறது. ஆதுலர் என்பார் நோயாளர். ஆதுலசாலை என்பது இன்றைய வைத்தியசாலையே. அங்கே படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், சத்திரசிகிச்சை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பராமரிக்கும் பெண்கள் என்று பணியாளர் ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் வரையறுக்கப்பட்டிருந்தது. படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, இரவில் எரியும் விளக்கிற்கு எவ்வளவு எண்ணெய் என்பதும் அக்கணக்கில் உண்டு. அந்த எண்ணெய்க் கணக்கை வாசிக்கும் போதெல்லாம் எமக்கு வியப்பு மேலிடுகின்றது. நோயாளிக்கு இருள் எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதை அறிந்த ஒருவரே அவ்வரியை எழுதச் சொல்லியிருத்தல் வேண்டும்.

நம் இலங்கைத் தீவிலும் இத்தகைய சான்று இல்லாமலில்லை. மிகிந்தலை மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையின் சிதைவுகள் உள்ளன. நடுவே முற்றம், அதனைச் சூழ்ந்து சிறு அறைகள், நோயாளியைக் கிடத்தி மருந்து நீரில் ஊறவைக்கக் கல்லிற் குடைந்த தொட்டி. யார் வந்து படுப்பார், அவருக்கு எது தேவை என்று எண்ணிப் பார்த்தே அதனைக் கட்டியிருக்கின்றனர்.

இவ்வளவு பழைய செய்திகளை ஏன் கூறுகின்றோமெனின், இத்தகைய மரபுடைய நாட்டிலிருந்து வந்த நம் மூதாதையருக்கு இம்மலைநாட்டிலே கிடைத்த கட்டிடங்கள் எவை என்பதை இளைஞர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதற்காகவே.

1820ஆம் ஆண்டுகளிலே கம்பளைப் பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலே காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையானோர் பலர். இவர்கள் பெரும்பாலும் ஆடவர். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்திற்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவோர். ஆகவே தோட்டத் துரைமார் எழுப்பியவை சில மாதங்கள் தங்குவதற்கான கொட்டில்களே. தங்கிப் போகிறவனுக்குச் சாளரம் எதற்கு, சமையலறை எதற்கு என்பது அக்காலத்துக் கணக்கு.

அக்கணக்கு கோப்பியோடு அழிந்திருந்தால் நம் கதை வேறாயிருக்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலைகளிற் கண்ட நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்தது. தேயிலையோ கோப்பியைப் போன்றதன்று. ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகளும் உண்டு. 1884இல் புகையிரதம் ஹட்டனை அடைந்தது; மறு ஆண்டு நானுஓயாவை அடைந்தது. மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இங்கேயே தங்கினர். ஆனால் கட்டிடம் மட்டும் தங்கிப் போகிறவனுக்குக் கட்டியதாகவே நின்றுவிட்டது. மண் சுவர் கற்சுவராயிற்று, வைக்கோற் கூரை தகரமாயிற்று, திட்டம் மாறவில்லை. நம் மலைநாட்டு வரலாற்றின் துன்பங்களிற் பாதி இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கும் என்பது எமது கருத்து.

லயக் காம்பராவின் அளவு 10 அடிக்கு 12 அடி. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் இரு வரிசைகளும் முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும். பின்சுவருக்குச் சாளரம் வைக்க இடமே இராது. நுவரெலியா கடல் மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேலே உள்ளது. மார்கழிப் பனியில் கதவைத் திறந்து வைக்க முடியாது; மூடினால் அடுப்புப் புகை வெளியேற வழியில்லை. குளிரிலே நடுங்குவதா, புகையிலே இருமுவதா என்னும் தேர்வைத்தான் கட்டியவர் குடியிருப்பவருக்கு விட்டுச் சென்றார். அப்படியாயின் வரிசையாக ஏன் கட்டினார்கள்? செலவு குறைவு. அதனோடு, விடியற்காலையில் ஒரு தப்பு முழங்கினால் எல்லாக் காம்பராக்களும் ஒருங்கே எழுந்து பெரட்டுக் களத்திற்கு வந்து சேரும். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் வசதியான கட்டிடம். குடியிருப்பவருக்கு எவ்வாறு இருக்கும் என்று எவரும் கேட்கவில்லை.

நோயாளிகளின் நிலை யாது? தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி காலத்தில், 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, அங்கே வைத்தியசாலைகள் அமைக்க வழி செய்தது. சில ஆண்டுகளில் அரசாங்கமே பொறுப்பேற்று, ஏற்றுமதிப் பொருள்களின் மீது தீர்வை விதித்துச் செலவை ஈடுசெய்தது. சட்டம் நல்ல சட்டமே. ஆனால் வைத்தியசாலை பெருஞ்சாலை அருகே இருந்தது. நோயாளியோ மலையுச்சி லயத்திலே இருந்தான். இடையிலே மைல்கணக்கான ஒற்றையடிப் பாதை. கம்பளியைக் கம்பிற் கட்டி அதிலே கிடத்தித் தூக்கிச் சென்றார்கள். தூக்குவதற்கு நான்கு பேர் வேலையை விடவேண்டும். நான்கு பேரை விடத் துரை இசையவேண்டும். இனித் தாங்காது என்ற நிலை வந்த பின்னரே நோயாளி புறப்படுவான். போனவர் பலர் திரும்பவில்லை. ஆகவே, ‘ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வரவேண்டும்’ என்னும் அச்சம் லயத்திலே வேரூன்றியது. இதனை அறியாமை என்று அக்காலத்து வெள்ளையர் எழுதினர். கண்டதை வைத்து முடிவுக்கு வருவது அறியாமையாகுமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் இன்னும் ஒருபடி முன்னே சென்றது. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயுற்றவர் யாரென அறிந்திருத்தல், பிள்ளை பெற்ற தாயை ஒரு மாதத்திற்கு வேலைக்கு அனுப்பாதிருத்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஊட்டம் கிடைக்கச் செய்தல் ஆகியவை துரையின் கடமைகளாயின. தம் தோட்டத்திலேயே வைத்தியசாலையோ மருந்துச்சாலையோ நடத்தியோருக்குத் தீர்வைப் பணத்தில் ஒரு பகுதி திருப்பியளிக்கப்பட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பெருகியதற்கு இரக்கமும் ஒரு காரணமாயிருக்கலாம். இந்தத் திருப்பிக் கொடுப்பனவு நிச்சயமாக ஒரு காரணம். எவ்வாறாயினும் லயத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு கட்டிடமும், அதிலே மக்கள் ‘டாக்டர் ஐயா’ என்றழைத்த ஒருவரும் கிடைத்தனர்.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு நோயை ஒழிக்க வந்தனர். இந்நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே ஏறும் புழு அது. இரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்கும். மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. மலசலகூடம் இல்லாத லயத்திற்கு மீண்டவன் அதே மண்ணை மிதித்தான். புழு மீண்டும் ஏறியது. மருந்தினாற் சாதிக்க முடியாததை ஒரு குழியும் நான்கு சுவரும் சாதிக்கும் என்பது அப்போது புலனாயிற்று. ஆனால் சுவருக்குப் பணம் செலவிட வேண்டியிருந்தமையால், தோட்டங்கள் பல மருந்தை வரவேற்ற அளவிற்குச் சுவரை வரவேற்கவில்லை.

இத்தனை கட்டிடங்களிலும் எம் மனத்தை ஈர்ப்பது பிள்ளைக் காம்பராவே. முதலில் அது கட்டிடமாகவே இருக்கவில்லை. தாய் கொழுந்து எடுக்கப் போவாள். மலையோரத்து மரக்கிளையில் சேலைத் தொட்டில் ஆடும். வயதான கிழவி ஒருத்தி பார்த்துக்கொள்வாள். மழை வந்தால் அருகிலுள்ள கொட்டகைக்குள் ஓடுவாள். பின்னரே நீண்ட ஓர் அறை கட்டப்பட்டது. அதன் உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் கட்டப்பட்டன. தேநீர் வேளையில் தாய்மார் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து பாலூட்டிச் செல்லத் தக்க இடத்தில் அது அமைந்தது. எந்தப் பொறியியலாளரும் சொல்லித் தந்த அமைப்பன்று இது. பெண்கள் தாமே கண்ட வழக்கத்தின் மீது தோட்டம் ஒரு கூரையை வைத்தது, அவ்வளவுதான். கோயிலும் அவ்வாறே. தோட்டந்தோறும் நிற்கும் மாரியம்மன் கோயிலை மக்கள் தம் கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டினர். அதன் மண்டபமே கூட்ட மண்டபமாகவும் மழைக்கு ஒதுங்குமிடமாகவும், சில தோட்டங்களிற் பள்ளிக்கூடமாகவும் பயன்பட்டது. தாமே கட்டிய கட்டிடத்திற்குள் நுழைய எவரும் அஞ்சுவதில்லை.

குடியிருப்போரைக் கேட்டுக் கட்டுவது நடவாத காரியம் என்பார்க்கு ஓர் உதாரணம் கண்டியிலேயே உண்டு. மின்னெட் டி சில்வா அம்மையார் 1958இல் கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வரைந்தார். முதலில் அவர் செய்தது, குடிவரப் போகும் பல இனத்து மக்களிடமும் வினாக்கொத்துகள் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே வழிபடுகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டறிந்ததுதான். அதன் பின்பே கோடு இழுத்தார். அவ்விடத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள லயங்களுக்கு அத்தகைய வினாக்கொத்து வரவில்லை.

வராமைக்குக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கில்லாதவனிடம் எந்தப் பிரதிநிதி வந்து கேட்பான்? பிரஜாவுரிமை படிப்படியாகக் கிடைத்த பின்னரும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அவ்வுறுப்பினர் அவர்களுக்கு ஒரு படிக்கட்டோ வாசிகசாலையோ கட்டித்தர இயலாது! 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

இதற்கிடையில் உடைமைகள் கைமாறின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கச் சுகாதார சேவையோடு இணைக்கும் வேலை தொண்ணூறுகளில் தொடங்கியபோதிலும், ஒரு பகுதியே இணைக்கப்பட்டது. ஏனையவற்றிற் பல மருந்து கொடுக்கும் இடங்களாகச் சுருங்கின. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு நகரத்திற்குப் போகும் காட்சியை நம்மிற் கண்டிராதார் சிலரே.

டிக்கோயாவின் கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய அரசின் உதவியோடு 150 படுக்கைகள் கொண்ட புதிய கட்டிடம் எழுந்தது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அதனைத் திறந்து வைத்தார். பெரிய காரியம், அதனைக் குறைத்துக் கூறலாகாது. எனினும் கட்டிடத்தின் பயன் வாசலிலிருந்து தொடங்குவதன்று. நோயாளியின் லயத்து வாசலிலிருந்தே தொடங்குகிறது. பாதை உண்டா? இரவில் வாகனம் உண்டா? பெயர்ப்பலகையும் மருந்துச் சீட்டும் தமிழில் உண்டா? துணைக்கு வந்த தாய் இரவில் எங்கே உட்காருவாள்? மலைநாட்டின் வேறோர் ஊரில், தகப்பனாரைக் கொண்டுசென்ற வைத்தியசாலையொன்றில் பலகையைப் படிக்கத் தெரியாமல் ஒரு மணி நேரம் தவறான வரிசையில் நின்ற அநுபவம் இதனை எழுதுபவனுக்கு உண்டு.

பிற நாடுகளில் இக்கேள்விகள் எழாமலில்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இலேயே வைத்தியசாலைகளைப் பற்றி நூலெழுதிக் காற்றும் வெளிச்சமும் மருந்தே என்றார். ஆபிரிக்காவில் நம்மைப் போலவே மலைநாடாகிய ருவாண்டாவில், 2011இல் புட்டாரோ என்னுமிடத்தில் ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. காசநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாதபடி, நோயாளர் காத்திருக்கும் நடைபாதைகளை உள்ளே வைக்காது வெளியே திறந்த தாழ்வாரமாக அமைத்தனர். அவ்வூர் எரிமலைக் கல்லையே அவ்வூர் மக்களைக் கொண்டு செதுக்கிச் சுவரெழுப்பினர். நம் மலைகளிலும் கல்லுக்குக் குறைவில்லை; கல் உடைக்கத் தெரிந்தவருக்கும் குறைவில்லை.

எங்கே கட்டுவது என்பதும் சிறிய கேள்வியன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர்.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவைப் பார்க்கச் சென்றோம். இப்போது அதற்குச் சிறுவர் பராமரிப்பு நிலையம் என்று பெயர். சுவரில் நிறந்தீட்டியிருக்கிறார்கள், சிறு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். எம்முடன் வந்த பாட்டியார், எழுபது வயதைக் கடந்தவர், உள்ளே நுழைந்ததும் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். மரத்திலே வரிசையாகக் கயிறு உராய்ந்த பள்ளங்கள் தெரிந்தன. மூன்றாவது பள்ளத்தைக் காட்டி, “இதுதாம்பா ஒங்க அப்பன் கெடந்த எடம்,” என்றார்.