அரிவாள்மணைக்கு முந்தைய தாள்

வங்காளத்துக் கதைப்பட ஓவியரான பட்டுவா கிராமத்தில் இருந்தவரை, அவர் படம் ஒரு நீளச் சுருள். அவர் அதை மெல்ல விரிப்பார், ஒவ்வொரு காட்சியையும் விரலால் தொட்டுக் காட்டிப் பாடுவார். சுருள் தீரும்போது கதையும் தீரும். 1809இல் கொல்கத்தாவின் காளிகாட்டில் இன்றைய காளி கோயில் எழுந்து கூட்டம் பெருகியதும், பட்டுவாக்கள் குடும்பத்தோடு கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். சன்னதித் தெருவில் நின்று முழுக்கதை கேட்க யாருக்குப் பொழுது? சுருள் துண்டானது. மில் காகிதத்தில் ஒரு தாளுக்கு ஒரு காட்சி என்று ஆகிவிட்டது. ஒருவர் கோடு இழுக்க, வீட்டார் வண்ணம் தீட்டினார்கள். யாத்ரீகர்கள் சில்லறைக் காசுக்கு வாங்கிச் சுருட்டிக்கொண்டு ஊர் போனார்கள்.

காளியும் சிவனும் விற்ற அந்தக் கடைகளுக்கு 1873இல் புதுச் சரக்கு வந்தது. தாரகேஸ்வர் சிவன் கோயிலின் மகந்த், அதாவது மடாதிபதி, மாதவசந்திர கிரி. அவரோடு சேர்த்துப் பேசப்பட்டவள் எலோகேஷி, வயது 16. கணவன் நபீனுக்குக் கொல்கத்தாவில் அச்சக வேலை. ஊருக்கு வந்தவன் காதில் பேச்சு விழுந்தது. மே 27 அன்று மீன் அரியும் அரிவாள்மணையால் அவள் கழுத்தை அறுத்தான். அவனுக்கு ஆயுள் தண்டனை, மகந்துக்கு 3 ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். ஊரே நபீனுக்காக மனுப் போட்டது; 1875இல் அவன் வெளியே வந்தான்.

பட்டுவாக்கள் வழக்கு முழுவதையும் வரைந்து தள்ளினார்கள். எலோகேஷி மகந்துக்கு வெற்றிலை நீட்டுகிறாள். நபீன் அரிவாள்மணையை ஓங்குகிறான். செக்கு என்றதும் நமக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார், காளிகாட் தாளில் சிறையில் செக்கோடு மல்லுக்கட்டுவது மகந்த்.

எலோகேஷியைப் போலவே கொலையுண்ட ஒருத்திக்காக விக்டோரியா காலத்து லண்டன் அழுதது: டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் வரும் நான்சி. சிறுமியாக இருந்தபோதே திருடப் பழக்கப்பட்டவள் அவள். காதலன் கையாலேயே செத்தாள். 2002இல் சாரா வாட்டர்ஸ் எழுதிய ‘ஃபிங்கர்ஸ்மித்’ அந்தக் காலத்து லண்டனில் நடக்கிறது. அதன் நாயகி சூ, திருடர்களிடையே அனாதையாக வளர்ந்தவள். சிறு வயதில் நாடக மேடையில் நான்சியின் கொலையைப் பார்த்து அலறுகிறாள். வளர்த்தவள் கதையையே மாற்றிவிடுகிறாள்: நான்சி பிழைத்துக்கொண்டாளாம், நல்லவன் ஒருவன் அவளுக்குக் கடை வைத்துக் கொடுத்தானாம். எலோகேஷிக்கு அப்படி ஒரு பொய்யைக்கூட யாரும் சொல்லவில்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்றும் ஒரு தாளும் கேட்கவில்லை. மயக்குகிறவளாக வரைந்தார்கள், அடுத்த தாளில் பிணமாக.

தாள்கள் மட்டும் பயணம் போயின. லாகூர் கலைப்பள்ளித் தலைவர் லாக்வுட் கிப்ளிங் சேர்த்து வைத்தவற்றை, அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்திடம் கொடுத்தார். அங்கே இப்போது 645 காளிகாட் படங்கள். உலகிலேயே பெரிய தொகுப்பு. பிராக் நகரத்து மியூசியத்திலும் சில உண்டு. காளிகாட்டிலோ, ஜெர்மனியிலிருந்து வந்த மலிவு அச்சுப் படங்கள் பட்டுவாக்களின் வயிற்றில் அடித்தன. 1930களில் தொழில் ஏறக்குறைய ஓய்ந்தது. 2011இல் லண்டன் தாள்கள் சில, கொல்கத்தா விக்டோரியா மெமோரியலுக்குக் கண்காட்சிக்காக வந்து திரும்பின. விக்டோரியா பெயர் கொண்ட ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு. காளிகாட் அங்கிருந்து பக்கம்தான்.

சுருளாக இருந்திருந்தால் எலோகேஷியின் கதை, பாடும்போதெல்லாம் அரிவாள்மணையில் போய்த்தான் முடிந்திருக்கும். காசுக்காகத் துண்டு போட்ட தாள்களோ ஒன்றையொன்று பிரிந்து, ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. வெற்றிலைத் தாளை மட்டும் வாங்கிப் போன யாத்ரீகர் வீட்டுச் சுவரில், அவள் கையை நீட்டியபடியே இருந்திருப்பாள்.