பட்டுச்சேலைக் கைந்நெசவு: குடும்ப மரபு

பட்டுச்சேலைக் கைந்நெசவு என்பது, பட்டிழையைப் பாவாகவும் ஊடையாகவும் கொண்டு, விசைப்பொறியின் துணையின்றி, இல்லத்திலேயே அமைந்த தறியில் குடும்பத்தார் அனைவரும் கூடி நெய்வதும், அவ்வித்தையைத் தந்தையிடமிருந்து மைந்தன் கைக்கொள்வதுமாகிய பரம்பரைத் தொழிலாகும். இந்தியாவில் காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், கூறைநாடு, வாரணாசி, பாட்டன் முதலிய ஊர்கள் இத்தொழிலாற் கீர்த்தி பெற்றவை. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில் நெல்வேளாண்மையை ஜீவாதாரமாகக் கொண்ட பழுகாமம் போன்ற கிராமங்களுக்குப் பட்டு கடல் கடந்து இந்தியாவிலிருந்தே வருகிறது. எனினும் அக்கிராமத்து இல்லங்களின் மங்கல காரியங்கள் அத்தறிகளோடு நெருங்கிய சம்பந்தம் உடையன ஆதலின், இரண்டையும் சேர்த்து நோக்குவதே பொருத்தமாகும்.

விவாக முகூர்த்தத்தில், மணமகன் வீட்டார் கொண்டுவந்த கூறைச்சேலையை மணமகள் உடுத்து வந்த பின்னரே தாலி கட்டப்படுகிறது. பிற்காலத்தில் அச்சேலை அன்றாட உபயோகத்திற்கு வருவதில்லை. கோயிற் சடங்கிற்கும் உற்றார் விவாகத்திற்கும் மாத்திரம் வெளிவந்து, மீண்டும் மடிக்கப்பட்டு அலுமாரிக்குட் செல்லும். தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பிரதேசத்தில், வீடு மகளுக்குச் சீதனமாகப் போக, மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதே பூர்வீக வழக்கம். எனவே தறி அங்கே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்ல, அத்தறியிற் பிறந்த சேலை இங்கே தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. பழுகாமத்துத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் பாரதக் கதையையொட்டி நிகழ்ந்து தீமிதிப்பில் நிறைவுறும் உற்சவ காலத்தில், பட்டுடுத்த ஸ்திரீகள் வீதியில் நிற்கக் காண்போர், ஒருவரை ஒருவர் அறியாத இரு பரம்பரைகளை அந்த ஒரு வஸ்திரம் இணைத்திருப்பதை எளிதில் உணர்வர்.

காஞ்சிபுரத்து நெசவாளர் இல்லத்தில் வேலை தறியில் தொடங்குவதன்று. பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டுநூல் முறுக்கேற்றப்பட்டு, பசை நீங்க அவிக்கப்பட்டு, சாயந் தோய்த்து உலர்த்தப்பட்டபின், அதனை இராட்டையிலிட்டுச் சுற்றி, ஊடையிழையைச் செலுத்தும் நாடாவுக்கு வேண்டிய தார்களை ஆயத்தஞ் செய்பவர்கள் அவ்வீட்டுப் பெண்களும் முதியோருமே. பாவை வெயில் ஏறுமுன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்துவிடும் காலை வேளையில் அயல் வீட்டாரும் கைகொடுப்பர். பின்னர் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை. அவை ஆயிரக்கணக்கானவை ஆதலின், பொறுமை என்னும் குணமே இங்கு முதற் கருவியாகிறது. இத்தனையும் முடிந்த பின்னரே நெய்பவர் குழித்தறியிற் காலை இறக்கி மிதிகளை மிதிக்கத் தொடங்குகிறார். ஒரு பாவில் மூன்று சேலைகள் வரை நெய்வது வழக்கம். ஒரு சேலை முடியப் பத்து நாளும் ஆகலாம், வேலைப்பாடு மிகுந்ததாயின் ஒரு மாதமும் ஆகலாம்.

இம்மரபின் சிகரம் கோர்வை என்னும் முறையாகும். சேலையின் உடல் ஒரு நிறமும் இரு கரைகளும் வேறு நிறமுமாக அமையும்போது, மூன்று நாடாக்கள் வேண்டப்படுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்புதல் அவசியம். இதனை ஒருவர் தனித்துச் செய்தல் கடினம். நெய்பவருக்குப் பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளுவதற்கு மற்றொருவர் வேண்டும். முற்காலத்தில் அவ்விடத்தில் அமர்ந்தவன் பெரும்பாலும் அவ்வீட்டுச் சிறுவனே. தறியே அவனுக்குப் பள்ளியாயிற்று என்று புகழ்ந்து கூறுவாரும் உளர். ஆனால் அதன் நிமித்தம் அவன் உண்மைப் பள்ளியை இழந்தான் என்பதை மறைப்பது நியாயமன்று. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, அந்த இடத்திற் கூலியாளை அமர்த்தியோ கோர்வையைக் கைவிட்டோ நெய்யும் இன்றைய குடும்பத்தை எவரும் குறைகூறலாகாது.

நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டோர் பலர்: தமிழ்நாட்டில் சாலியரும் கைக்கோளராகிய செங்குந்தரும் தேவாங்கரும், பட்டுநூற்காரர் எனப்படும் சௌராட்டிரரும் அவருட் சிறந்தோர். சிவனடியார்க்கு ஆடை நெய்து அளித்த நேசநாயனார் அறுபத்து மூவருள் ஒருவராக வைக்கப்பட்டமை, இத்தொழிலுக்குத் தமிழ்ச் சைவம் அளித்த கௌரவத்திற்குச் சான்று. குடும்பங்கள் கூட்டமாக இடம்பெயர்தலும் இத்தொழிலின் சரித்திரத்தில் இடையறாது நிகழ்ந்ததே. லாட நாட்டிலிருந்து, இன்றைய மந்தசோராகிய தசபுரத்தில் குடியேறிய பட்டு நெசவாளர் கணம் ஒன்று, கி.பி. 436 அளவில் சூரியனுக்குக் கோயில் எடுத்து, 473 அளவில் அதனைப் புதுப்பித்த செய்தியை மந்தசோர் சாசனம் கூறுகிறது. அக்கணத்தாருள் சிலர் தறியை விட்டு வில்வித்தை, சோதிடம் முதலியவற்றை மேற்கொண்டனர் என்றும் அச்சாசனமே தெரிவிப்பதால், மைந்தர் தொழில் மாறுதல் நம் காலத்துக்கே உரிய புதுமை அன்று என்பது விளங்கும். பாவையும் ஊடையையும் நெய்யுமுன்னரே கட்டிச் சாயமிடும் பாட்டோலா என்னும் அரிய பட்டை, குஜராத்தின் பாட்டன் நகரில் சால்வி மரபினருள் சில குடும்பங்களே இன்று காத்து வருகின்றன.

கூலி சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறதே யன்றி, அச்சேலைக்குப் பின்னால் உழைத்த மனைவிக்கும் முதியோருக்கும் தனியே கணக்கிடப்படுவதில்லை. இத்தொழிலின் மெலிவுக்குப் பல காரணங்கள் கூறப்படினும், இதுவே அடிப்படை என்பது எம் துணிபு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் அவர் பிடியினின்றும் மீள்வது அரிது; கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தமைக்கும் இதுவே பிரதான நிமித்தம். கைத்தறிக்கென்றே சில ஆடைவகைகளை ஒதுக்கும் சட்டம் இந்தியாவில் 1985இல் இயற்றப்பட்டது. காஞ்சிபுரப் பட்டு பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது. எனினும் விசைத்தறிச் சேலை கைத்தறியின் பெயரால் விற்கப்படுதல் நின்றபாடில்லை.

வாவிப் பிரதேசத்துக்கும் சொந்த நெசவு உண்டு. அம்பாறை மாவட்டக் கரையோரத்து மருதமுனையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்திச் சேலையும் சாரமும் நெய்து வருகின்றன. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திற் செழித்த இலங்கைக் கைத்தறி, 1977இல் சந்தை திறந்துவிடப்பட்ட பின் தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் தேதிய கடற்கோள் மருதமுனையைத் தாக்கித் தறிகளையும் அழித்தது. ஆயினும் அங்கே தறியொலி ஓயவில்லை. இவ்விரு நெசவுகளும் நிலைக்க, கூறை வாங்க இந்தியா செல்லும் நம்மவர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை நாடி, கைத்தறிச் சேலைதானா என்று தயங்காது கேட்டறிந்து வாங்குவாராக. பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் உடுக்கும் சேலையையோ, படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து சிறிது தூரம் தெற்கே சென்றால், மருதமுனைத் தறியிலேயே வாங்கலாம்.