பொதுமொழி தேடிய கணினிகள்: கோப்புப் பகிர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கணினியிலுள்ள கோப்பினை அயலிலுள்ள மற்றொரு கணினி திறக்க மறுக்கும்போது, பழுதினைக் கம்பியிலும் கருவியிலும் தேடுவதே வழக்கம். ஆயின், வெவ்வேறு பணிசெயல் முறைமைகளுக்கிடையே எழுந்த இத்தகைய இடர்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றுட் பல உரையாடல் விதிகளின் வேறுபாட்டால் விளைந்தவை என்பது புலனாகும். அவ்விதிகளை அறியும் உரிமை யாருக்குரியது என்பதே இவ்வரலாற்றின் அடிப்படை வினா எனலாம்.

1980களில் இருவேறு நெறிமுறைகள் தோன்றின. ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி பைகன்பாம் வகுத்த எஸ்.எம்.பி. நெறிமுறையை மைக்ரோசொப்ற் ஏற்று வளர்த்தது. சன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட என்.எப்.எஸ். யூனிக்ஸ் உலகிற் பரவியது. ஒன்றைப் பேசும் கணினிக்கு மற்றையது விளங்கவில்லை. எஸ்.எம்.பி.யின் பழைய பகுதிகள் பற்றிய விபரங்கள் வெளிவந்திருந்தபோதும், மைக்ரோசொப்ற் பின்னர் சேர்த்தவை முழுமையாக வெளியிடப்படவில்லை.

இந்நிலையை மாற்றியவர் ஒரு மாணவர். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், டொஸ் கணினியொன்றைச் சன் கணினியுடன் இணைக்க விரும்பினார். வலையமைப்பினூடு செல்லும் தரவுப் பொதிகளைக் கூர்ந்து நோக்கி, எக்கேள்விக்கு எவ்விடை வருகின்றதென ஆராய்ந்து, 1992 ஜனவரியில் தமது சேவையக மென்பொருளை வெளியிட்டார். அது வேறு நிறுவனங்களின் எஸ்.எம்.பி. மென்பொருள்களோடும் இயங்கவல்லது என்பது பின்னரே தெரியவந்தது. 1994இல் வணிகப்பெயர் உரிமை காரணமாகப் பழைய பெயரைக் கைவிட நேர்ந்தபோது, எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அமைந்த சொல்லை அகராதியில் தேடிச் 'சாம்பா' எனப் பெயரிட்டார்.

எனினும் இடர்கள் ஓயவில்லை. 1997இல் வின்டோஸ் என்.ரி. 4.0இன் மூன்றாவது சேவைப்பொதியை நிறுவியோர், நேற்றுவரை திறந்த யூனிக்ஸ் கோப்புகள் இன்று திறக்காமை கண்டு திகைத்தனர். கடவுச்சொல்லை வெளிப்படையாக அனுப்புவதை வின்டோஸ் நிறுத்தியதே காரணம். மறையாக்கப்பட்ட கடவுச்சொற்களுக்கெனச் சாம்பாவில் தனிக் கோப்பொன்றை அமைப்பதே தக்க பரிகாரமாயிற்று. வின்டோஸைப் பழைய வழக்கத்திற்கு மீட்பதும் இயலுமாயினும், அது பாதுகாப்பைப் பலியிடுவதாகும்.

பெயர்களும் பிணக்கை விளைத்தன. யூனிக்ஸ் ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் வேறாகக் கொள்ள, வின்டோஸ் ஒன்றாகக் கொண்டது. தமிழும் இவ்விடரினின்று தப்பவில்லை. 1998இல் அறிமுகமான மக்கின்ரொஷ் கோப்பு முறைமை, பெயரிலுள்ள 'கொ' என்பதன் உயிர்க்குறியை முன்னும் பின்னும் வரும் இரு குறிகளாகப் பிரித்துச் சேமித்தது. பிற கணினிகளில் அது பெரும்பாலும் ஒரே குறியாக எழுதப்பட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் லினக்ஸ் கணினிக்கு வெவ்வேறாயின.

விதிகளை அறியும் உரிமை ஈற்றில் நீதிமன்றத்தை அடைந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொப்ற்றுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, சேவையகங்களுக்கிடையிலான தொடர்புக்கு வேண்டிய விபரங்களைப் போட்டியாளருக்கு அளிக்குமாறும் பணித்தது. 2007 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இம்முடிவைப் பெரிதும் உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில், சாம்பா குழுவினருக்காக இலாப நோக்கற்ற அமைப்பொன்று 10,000 யூரோ செலுத்தி அவ்வாவணங்களைப் பெற்றது. பதினைந்து ஆண்டுகளாகச் செவிமடுத்து அறிந்தவற்றை அதன்பின் படித்தும் அறிய முடிந்தது.

விதிகள் வெளியான பின்னரும் காலத்தால் எழும் வேறுபாடு எஞ்சியது. 2017 மேயில் 'வன்னாக்கிரை' தீநிரல் எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பிலிருந்த குறைபாட்டினூடு உலகெங்கும் பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த வின்டோஸ் 10 பதிப்பு, புதிதாக நிறுவப்படுகையில் அப்பழைய நெறிமுறையைத் தவிர்த்தது. அதனை மட்டுமே அறிந்த பழைய சேமிப்புக் கருவிகள் தொடர்பிழந்தன. இங்கும் கம்பி அறவில்லை, கருவி பழுதடையவில்லை. ஒரு தரப்பு பேச்சை மாற்றியது; மறுதரப்பு அதனைக் கற்கவில்லை. ஆதலின், இரு முறைமைகள் எந்நெறிமுறையின் எப்பதிப்பைப் பேசுகின்றன, கடவுச்சொல்லை எவ்வாறு பரிமாறுகின்றன, பெயரை எவ்வாறு எழுதுகின்றன என்பவற்றை முதலில் வினவுவதே பழுது தேடுவோர்க்கு இவ்வரலாறு காட்டும் வழியாகும். அவ்வினாக்களுக்கு விடை கிடைப்பதோ, விதிகள் யாவரும் அறியத்தக்கனவாக இருப்பதிலேயே தங்கியுள்ளது.