நாய்க்கு திடீர் கிட்னி ஃபெயிலியர்... வீட்டிலேயே இருக்கும் விஷங்கள்!

நேற்று துள்ளி விளையாடிய நாய், இன்று வாந்தியெடுத்து மூலையில் சுருண்டு படுத்திருந்தால், 'ஏதோ அஜீரணம்'னு விட்டுடாதீங்க. சிறுநீரகம் செயலிழக்க ஆரம்பித்திருக்கலாம்.

திராட்சை: உலர் திராட்சையும் சேர்த்துத்தான். இதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என 2021-ல் அமெரிக்க கால்நடை நச்சியல் நிபுணர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே அமிலம் புளியிலும் அதிகம். அதனால் கேக், பாயசம் மட்டுமல்ல, புளிசாதமும் வேண்டாம். எந்த அளவு ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும்.

வலி மாத்திரை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நொண்டுதேன்னு பாதி மாத்திரைகூட நீங்களா கொடுக்காதீங்க.

கார் கூலன்ட்: இதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கிவிடும். சிந்தினால் உடனே கழுவிடுங்க.

என்ன செய்யணும்?

அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. திராட்சை தின்ற 1 முதல் 3 நாள்களுக்குள் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்; சிறுநீர் நின்றுபோன பிறகு காப்பாற்றுவது கஷ்டம். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதும் ஆபத்து. எதை, எவ்வளவு, எப்போது சாப்பிட்டது என்ற விவரத்தோடு, அதன் கவரையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க.