கால்வழி காட்டும் கணினி

பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த சான்றோர் ஓர் உண்மையை நன்கறிவர். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமாயின், அவை பெரும்பாலும் ஒரு தாயேட்டின் படிகளாகவே இருக்கும். உயிர்களின் உறவை ஆராய்வோர் கொள்ளும் முறையும் இதுவே. மரபணு என்பது நான்கே எழுத்துகளால் ஆகிய ஏடு. தலைமுறைதோறும் படியெடுக்கையில் அதில் நேரும் மாற்றங்களே உறவுக்குச் சான்றாகின்றன.

ஆயினும், பத்தே உயிர்களின் உறவைக் கிளைப்படமாக வரைவதற்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றுள் சான்றுக்குப் பொருந்துவதைக் கையால் தேடி முடியாது. ஆகவே அறிஞர் கணினியை நாடினர். அமெரிக்கரான ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1980இல் 'ஃபைலிப்' என்னும் மென்பொருளை வெளியிட்டார்.

இக்கலையின் அருமையை நம் நாடு துயரத்தின் வாயிலாக உணர்ந்தது. 1998இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றி, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதிப் புகையடித்தனர், தடுப்பூசியும் இட்டனர். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது 'நிப்பா' எனப்பட்டது.

அதன் உறவு யாது? ஹெண்ட்ரா வைரசை எதிர்க்கும் பொருள் நிப்பாவோடும் வினைபுரிந்தது முதற்குறிப்பு. பின்னர் மரபெழுத்துகளைத் தட்டம்மை முதலியவற்றின் வைரசுகளோடு கணினியில் ஒப்பிட்டபோது, 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ராவே நிப்பாவுக்கு மிக நெருங்கிய உறவு என்பது உறுதியாயிற்று. ஹெண்ட்ராவின் உறைவிடம் பழந்தின்னி வௌவால். ஆகவே இங்கும் வௌவால்களை ஆராய்ந்தனர். தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரில் நிப்பா அகப்பட்டது.

அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். ஏறத்தாழ 10 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

கிடைத்த ஏடுகளைக் கொண்டே பதிப்பாசிரியர் மூலபாடத்தை உய்த்துணர்வார். புதிய ஏடு கிடைப்பின் முடிபை மாற்றவும் தயங்கார். கணினி வரையும் கிளைப்படமும் அத்தகையதே. மாணவர்காள்! ஏட்டில் உறவு பிழைத்தால் பாடம் பிழைக்கும். நோயில் உறவு பிழைத்தால் மருந்து பிழைக்கும், உயிரும் போகும்.