புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

எடையைக் குறைக்க முடிவெடுத்ததும் நாம் முதலில் கைவைப்பது சோற்றில்தான். 'ரைஸ் தொடுறதே இல்ல, டயட்ல இருக்கேன்' என்று சொல்லாத இளைஞர்கள் குறைவு. இரண்டு வாரத்தில் உடம்பு அசதியாகிவிட்டால் அடுத்த யோசனை வரும்: 'ஒரு மல்டிவைட்டமின் வாங்கிப் போட்டுக்க.' மருந்தகத்துக்குப் போனால் அலமாரி நிறைய டப்பாக்கள். எதை எடுப்பது?

இதற்குப் பதில் தேட கொஞ்சம் பின்னால் போகலாம். சோற்றைப் பற்றியும் வைட்டமினைப் பற்றியும் உலகம் கற்ற பெரிய பாடங்களில் ஒன்று நம் மண்ணில்தான் நடந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள், தாங்கள் எதைச் சாப்பிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை இல்லாதவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் பெரிபெரி கொள்ளைநோய் போலப் பரவியிருந்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் நின்று உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இதற்குப் பலியானார்கள். கிருமிதான் காரணம் என்று பல மருத்துவர்கள் நம்பினார்கள். அது கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலம்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் வேறொன்றைக் கவனித்தார். அதே நாட்டில், அதே வெயிலில் வாழ்ந்த தமிழர்களுக்குப் பெரிபெரி அரிதாகவே வந்தது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அப்படித்தான். வித்தியாசம் தட்டில் இருந்தது. சீனர்கள் சாப்பிட்டது இயந்திர ஆலையில் வெள்ளையாகத் தீட்டிய சியாம் பச்சரிசி. மலாய்க்காரர்கள் சாப்பிட்டது அவ்வப்போது வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

1905-இல் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் எண்ணி, ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம் என்று பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றொன்றுக்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டு கழிந்தபோது பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒரு சாவுகூட இல்லை. மருத்துவ வரலாற்றில் இந்தச் சோதனைக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் காட்டுக்குள் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அதே பதில்தான் வந்தது. பிராடன் அரிசியைச் சரியாகச் சந்தேகித்தார். ஆனால், கெட்டுப்போன அரிசியில் ஒரு நஞ்சு உருவாகிறது என்று நினைத்துவிட்டார். உண்மையில் பிரச்சினை அரிசியில் சேர்ந்த ஒன்றல்ல, தவிட்டோடு போய்விட்ட ஒன்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போகாது. நம் பாட்டிகளுக்கு இந்த விளக்கம் தெரியாது, பழக்கம் தெரியும்.

1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லைத் தந்தார். 1926-இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதை ஆய்வகத்திலேயே தயாரிக்க முடிந்தது. அதுதான் இன்று மாத்திரை டப்பாவில் பி1, தயாமின் என்று எழுதியிருப்பது.

புழுங்கல் அரிசி தமிழர்களை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களைக் கொன்றன. ஜப்பானியர் காலத்தில் அந்த அரிசியும் பறிபோனது. சயாம் மரண ரயில்பாதையில் தீட்டிய அரிசியும் கொஞ்சம் குழம்புமாக உழைத்தவர்களைக் காலராவும் மலேரியாவும் தாக்கியபோது, பெரிபெரியும் சேர்ந்துகொண்டது. 1942-இல் சாங்கி முகாமில் போர்க்கைதிகளுக்குச் சில வாரங்களிலேயே அது வந்தது. நம் உடம்பு தயாமினை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைப்பதில்லை.

இந்த 'இரண்டு மூன்று வாரம்' டயட்டில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது. வயிறு நிறைவது வேறு, உடம்புக்குச் சத்து கிடைப்பது வேறு என்பதைச் சுரங்கத் தொழிலாளி காட்டினார். அவருக்குத் தட்டில் சோறு இருந்தது. நாம் தட்டையே பாதியாக்குகிறோம். கலோரி குறையும்போது சத்தும் சேர்ந்து குறைகிறது. நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே போனால் எல்லாச் சத்தையும் உணவிலேயே பெறுவது கடினம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு இன்றும் பெரிபெரி வருகிறது.

ஆக, மாத்திரை எதற்கு? குறைந்ததை நிரப்புவதற்கு. அவ்வளவுதான். வைட்டமின் கொழுப்பைக் கரைக்காது. ஃபிளெட்சரின் நோயாளிகளுக்கு வேண்டியிருந்ததும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் தயாமின்தான். அதனால் லேபிளில் ஒவ்வொரு சத்தும் தினசரித் தேவையில் நூறு சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஆயிரம் சதவீதம் என்று மிரட்டும் டப்பா வேண்டாம். ஏ, டி போன்றவை உடம்பிலேயே தங்கிச் சேரும். கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் வடிவிலான ஏ அதிகமானால் ஆபத்து. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து உதவலாம். ஆனால் தலசீமியா பரவலாக உள்ள நம் நாட்டில், ரத்தப் பரிசோதனை செய்யாமல் இரும்பை அள்ளிப் போடுவது நல்லதல்ல. சைவம் என்றால் பி12 இருக்கிறதா பாருங்கள். வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

மலேசியாவில் வாங்குவதென்றால் டப்பாவில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். 'வைட்டமினோடு ஸ்லிம்மிங்கும்' என்று இணையத்தில் விற்பதைத் தொடாதீர்கள். இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் விலக்கப்பட்ட சிபுட்ராமின் இப்படிப்பட்ட பொருட்களில் மறைந்திருப்பதை அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'ஹெர்பல்தானே, ஒன்னும் ஆகாது' என்ற பேச்சை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாது.

சோற்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அளவைக் குறைத்து, புழுங்கல் அரிசியோ தவிடு நீக்காத அரிசியோ ஒரு கைப்பிடி, பக்கத்தில் பருப்பு, கீரை, முட்டை அல்லது மீன். மாத்திரை அதற்குப் பிறகுதான். காப்பகத்தில் வரிசையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு எந்த அரிசி என்பதை ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் தீர்மானித்தன. நம் தட்டை நாம்தான் தீர்மானிக்கிறோம். அதை ஒரு விளம்பரத்திடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.